கீறல் விழாத வண்டி

ஜூன் 9

அண்ணி,

வந்து சேர்ந்துவிட்டேன். போன் செய்யாமல் கடிதம் எழுதக் காரணம் அண்ணன்தான். பஸ் கிளம்பும்போது நீங்கள் கீழே நின்றும் நான் ஜன்னலில் தொங்கியும் கத்திக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "இனிமே ரெண்டு பேரும் பேப்பர்ல சண்டை போடுங்க, என் காதுக்காவது கொஞ்சம் லீவு கிடைக்கட்டும்" என்றார். ஸ்டாம்பும் அவரே வாங்கிக் கொடுத்தார். எழுதிப் பார்த்தால் ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் குறுக்கே பேச முடியாது.

எனக்கு இந்தப் பயிற்சியே பிடிக்கவில்லை. அறக்கட்டளைக்காரர்கள், "உங்க ஆபீஸ்ல ஒருத்தராவது மதிப்பீட்டுப் பயிற்சி எடுத்திருக்கணும், அப்பதான் ரெண்டாவது கார் பத்தி யோசிப்போம்" என்று சொன்னார்கள் என்பதற்காக என்னைப் பெட்டி கட்டி அனுப்பிவிட்டீர்கள். மூன்று மாதம்! ஹாஸ்டல் அறையில் மின்விசிறி சுற்றுகிறதா, நான் சுற்றுகிறேனா தெரியவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறேன். என் அறைத்தோழி ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள். "நீ நடக்குறதப் பாத்தே எனக்குக் கால் வலிக்குது" என்கிறாள்.

வகுப்பு எடுக்கும் அம்மாளுக்கு முதல் நாளே பட்டப்பெயர் வைத்துவிட்டோம். அப்புறம் மேடம். எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்பார். என் முறை வந்தது. "எங்க அண்ணி பெண்களுக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிற நிலையம் நடத்துறாங்க. ஒரே ஒரு கார். ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறது அண்ணி, மத்த எல்லாம் நான்" என்றேன்.

"அப்புறம்?"

"எல்லாரும் லைசென்ஸ் வாங்கிடுவாங்க. பெயிலே கிடையாது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம், ஓட்டுவாங்க."

"ஓட்டுறாங்களா?"

தெரியவில்லை அண்ணி. எனக்கே தெரியவில்லை! ஒவ்வொரு வருடமும் அறிக்கை எழுதுகிறவள் நான்தான். லைசென்ஸ் வாங்கியவர்களின் போட்டோவை வரிசையாக ஒட்டுகிறேன். அவர்கள் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்து வரிசையில் ஒருவர் சிரித்தார். அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

பயிற்சி முடிவதற்குள் அவரவர் நிறுவனத்தைப் பற்றியே ஒரு அறிக்கை எழுத வேண்டும். அது அறக்கட்டளைக்கும் போகும். நம்மிடம் படித்துப் போனவர்கள் சிலரைப் போனில் கூப்பிட்டுப் பேசட்டுமா? உங்களைக் கேட்காமல் செய்தால் அதற்கும் ஒரு சண்டை வரும், அதனால் கேட்கிறேன்.

உங்கள்
முந்திரிக்கொட்டை


ஜூன் 17

முந்திரி,

கடிதம் கிடைத்தது. எழுதுவதில் எனக்கும் ஒரு வசதி இருக்கிறது. நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்க்க வேண்டியதில்லை.

உன்னை அனுப்பியது ஒரு சான்றிதழ் வாங்கி வரத்தான். அங்கே போய் என்னைக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. ஓட்டுகிறார்களா என்று கேட்டாராம்! நீச்சல் கற்றுக்கொடுத்தவளிடம் வந்து, தினமும் குளத்துக்குப் போகிறார்களா என்று கேட்பார்களா? கற்றுக்கொடுப்பது என் வேலை. ஓட்டுவது அவர்கள் பாடு, அவர்கள் வீட்டுக்காரர்கள் பாடு.

நம் வாசலில் தொங்கும் பலகையை உன் அப்புறம் மேடத்திடம் சொன்னாயா? "இதுவரை ஒரு கீறல் இல்லை." இத்தனை வருடம், இத்தனை பெண்கள், அதில் பாதிப்பேர் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. வண்டி இன்னும் ஷோரூமில் எடுத்த மாதிரி இருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

போன் செய்துதான் ஆக வேண்டுமென்றால் செய். எனக்கென்ன பயம். ஆனால் ஒன்று. செப்டம்பரில் அறக்கட்டளையிலிருந்து அந்தக் கண்ணாடி சார் நேரில் வருகிறார். இரண்டாவது கார் கிடக்கட்டும், இந்தக் காரே அவர்களுடையது, பெட்ரோலும் ஆபீஸ் வாடகையும் அவர்கள் கொடுப்பதில்தான் ஓடுகிறது. அவர்கள் கையை உதறினால் மறுநாளே கதவைப் பூட்ட வேண்டியதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு வாயைத் திற.

உன் மேஜையில் நான்தான் உட்காருகிறேன். எந்தச் சாமானை எங்கே வைத்திருக்கிறாய் என்று உனக்காவது தெரியுமா? ஸ்டேப்ளரை டீ டப்பாவுக்குள்ளிருந்து எடுத்தேன்.

உன் அண்ணன் நலம். நீ இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

அண்ணி


ஜூலை 2

அண்ணி,

ஸ்டேப்ளரைத் தேடியது நீங்களா அண்ணனா? நீங்களாக இருந்தால் முதலில் டீ டப்பாவைத்தான் திறந்திருப்பீர்கள்.

ஒரு வாரமாகப் போனும் கையுமாக இருக்கிறேன். முதலில் தையல்கடை அக்காவைப் பிடித்தேன். ஞாபகம் இருக்கிறதா, லைசென்ஸ் வந்த அன்று ஆபீஸ் முழுக்க இனிப்புக் கொடுத்தாரே, அவர்தான். "ஓட்டுறீங்களா அக்கா?" என்றேன். "லைசென்ஸா? பத்திரமா இருக்கும்மா, பீரோவுல" என்றார். நான் கேட்டது ஓட்டுவதைப் பற்றி. அவர் சொன்னது பீரோவைப் பற்றி. மறுபடி கேட்டேன். "உங்க அண்ணி பக்கத்துல இருந்தா எங்க வேணா ஓட்டுவேன். தனியா உக்காந்தா கை கால் எல்லாம் அடுத்தவங்களோடது மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்து பேக்கரி வீட்டம்மா. "உங்க வண்டி தங்கமான வண்டி. நிக்க வேண்டிய எடத்துல கரெக்டா நிக்கும். எங்க வண்டிக்குத்தான் பிரேக்கே பிடிக்க மாட்டேங்குது. மெக்கானிக்கிட்ட விட்டேன், நல்லாத்தான் இருக்குன்னு சாதிக்கிறான். பொய் சொல்றான் பாவி" என்றார்.

நர்ஸ் ஒருவர் தம்பியின் காரை ஒரே ஒரு தடவை எடுத்தாராம். வீட்டு கேட்டிலேயே இடித்துவிட்டார். "பிரேக் வேலை செய்யலம்மா." அதோடு சாவியைத் தொடவில்லை. இன்னும் பேசியவர்களில் ஒருத்தி அபூர்வமாக ஓட்டுகிறாள், அதுவும் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினால்தான். மற்றவர்கள் யாரும் ஓட்டவில்லை அண்ணி.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. எல்லார் வீட்டு வண்டியிலும் எப்படி பிரேக் மட்டும் கெட்டுப் போகும்?

மேடத்திடம் போய்ச் சொன்னேன். பதில் சொல்வார் என்று பார்த்தால், "நல்ல கேள்வி. அதைவிட்டு நகராதீங்க" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார். நகராமல் இருக்க என்னால் முடியுமா? வராந்தாவில் நடந்துகொண்டுதான் இதையும் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மு.


ஜூலை 9

முந்திரி,

இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? அந்த ஆண்கள் வண்டியை ஒழுங்காகப் பார்ப்பதில்லை. எண்ணெய் மாற்றுவதில்லை, ஒன்றும் கிடையாது. வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு மீசையை முறுக்குவதோடு சரி. நானும் யோசித்தேன். கடைசி வாரத்தில் வண்டிப் பராமரிப்பு என்று ஒரு வகுப்பு சேர்த்துவிடலாம். பிரேக் தேய்ந்திருக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும். இதை உன் அறிக்கையில் எழுது. அறக்கட்டளைக்கும் பிடிக்கும்.

தையல்கடைக்காரி அப்படியா சொன்னாள்? ரிவர்ஸ் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாதே. இரண்டு நாளாக அதுவே மண்டையைக் குடைகிறது. நேற்று அவள் கடை வழியாகப் போனேன். உள்ளே போகவில்லை.

உன் அண்ணன் இதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். அவர் ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணி


ஜூலை 20

அண்ணி,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று நாளாகப் பேனா மூடியைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என் அறைத்தோழி மாடிப்படியில் கால் பிசகி விழுந்துவிட்டாள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. ஹாஸ்டலில் வார்டனின் சின்னக் கார் நின்றது, டிரைவர் இல்லை. "யாருக்காவது ஓட்டத் தெரியுமா?" என்று வார்டன் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார் ஓட்டும் நிலையத்துக்காரி ஆயிற்றே! நம் ஆபீஸில் எல்லோருக்கும் முன்னால் உங்களிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியவளும் நான்தானே. சாவியை வாங்கினேன்.

கேட்டைத் தாண்டினேன். கியர் மாற்றினேன். "பரவால்லையே!" என்று பின்னாலிருந்து தோழி சொன்னாள். தெருமுனையில் சிவப்பு விளக்கு. பார்த்தேன் அண்ணி, நன்றாகவே பார்த்தேன். பதற்றமே இல்லை. கிளட்சை மிதித்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன், வண்டி நிற்பதற்காகக் காத்திருந்தேன்.

நிற்கவில்லை.

"பிரேக்! பிரேக்!" என்று அவள் அலறினாள். அப்போதும் என் கால் போகவில்லை. கை போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. வண்டி ஓரமாகத் திரும்பிக் குப்பைத்தொட்டியில் மோதி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. அவள் நொண்டிக்கொண்டே இறங்கி டாக்சி பிடித்து என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டன் இன்னும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. பிரேக் சரியில்லை! உடனே பேக்கரி வீட்டம்மாவின் குரல் காதில் கேட்டது.

அண்ணி, நம் வண்டியில் உங்கள் பக்கமும் ஒரு பிரேக் பெடல் இருக்கிறது. ஆபத்துக்கு என்று வைத்தது. நாங்கள் மிதிப்பதற்கு முன்னால் நீங்கள் மிதித்துவிடுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும். மெதுவாக, அழகாக, எங்களுக்கே தெரியாமல். நாங்கள்தான் நிறுத்துகிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். தேர்வுக்கும் அதே வண்டி, அதிகாரி பின் சீட்டில், பக்கத்தில் நீங்கள். எங்களில் யாருக்கும் பிரேக் போடத் தெரியாது அண்ணி. நிற்கும் வண்டியில் உட்காரத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு கீறல்கூட விழாதது அதனால்தான். அந்தப் பலகையைத்தான் நாம் வாசலில் மாட்டியிருக்கிறோம்.

நான் இதை அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டும்.

மு.


ஜூலை 26

நீ எழுதியதைப் படித்தேன். இரண்டாவது தடவை படிக்கவில்லை.

நான் ஏமாற்றுக்காரி என்கிறாய். அப்படி எழுதவில்லை என்பாய். வேறு என்ன அர்த்தம்? தேர்வில் பக்கத்தில் உட்கார்ந்து நானே பிரேக் போட்டு லைசென்ஸ் வாங்கித் தந்தேன் என்று எழுதிவிட்டு, கீழே மு. என்று கையெழுத்து வேறு.

தேவைப்படும்போது மட்டும்தான் அந்தப் பெடலைத் தொடுகிறேன். குழந்தை குறுக்கே ஓடினால், எதிரே லாரி வந்தால். என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நீ குப்பைத்தொட்டியில் முட்டியதற்கு என் கால் பொறுப்பா? லைசென்ஸ் வாங்கிய பிறகு ஒருநாளாவது வண்டியைத் தொட்டாயா? வா, ஓட்டு என்றால், "நீங்க இருக்கீங்களே அண்ணி" என்று சொல்லிப் பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்தவள்தானே நீ!

எழுது. நன்றாக எழுது. அறக்கட்டளை படிக்கும். வண்டியைக் கொண்டுபோவார்கள். இப்போது சேர்ந்திருக்கும் பெண்கள் வைத்த நம்பிக்கையெல்லாம் காற்றில் போகும். நான் வீட்டில் உட்கார்ந்து உன் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு என்ன தெரியும்? அந்த சீட்டில் உட்காரத்தான் தெரியும். அதையும் பிடுங்கிக்கொள்.

உனக்குப் புத்தி வரும் வரை எனக்கு எழுதாதே.


ஆகஸ்ட் 8

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். புத்தி வந்துவிட்டதா என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அறிக்கையின் முதல் வடிவத்தை வகுப்பில் படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து, "பிரமாதம், பிரச்சினையை ஸ்க்ரூ கழட்டின மாதிரி கழட்டிட்டீங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் மேடம் மட்டும் கை தட்டவில்லை.

"இதை உங்க அண்ணி படிச்சாங்களா?"

"சொன்னேன் மேடம். கோவிச்சுக்கிட்டாங்க."

"அவங்க என்ன தெரிஞ்சுக்க ஆசைப்பட்டாங்க?"

"அவங்க எதுவும் கேக்கலையே. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"அப்ப இது மதிப்பீடு இல்லம்மா. கோள் சொல்றது."

மூக்கு உடைந்ததோடு இல்லை, அழுதே விட்டேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ நல்ல அறிக்கைகள் அலமாரியில் தூங்குவதைப் பார்த்திருக்கிறாராம். எல்லாமே உண்மைதானாம், ஒன்றும் மாறவில்லையாம். வேலை செய்கிறவர் தானே பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் மறுநாள் காலையில் மாறும் என்றார். "நீங்க வண்டியில பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு, ஓட்டுறவங்கள தப்பு சொல்றீங்க" என்றார். நான் பின் சீட்டில் படுப்பேன் என்று அவருக்கு யார் சொன்னது?

அதனால் அந்த அறிக்கையைக் கொடுக்கவில்லை. மாத முடிவில் கொடுக்க வேண்டும். நீங்கள் சரி சொல்லாமல் ஒரு வரியும் போகாது. அதற்காகப் பொய்யும் எழுத மாட்டேன். ஒன்றும் கொடுக்காவிட்டால் சான்றிதழ் கிடையாது, அறக்கட்டளையும் கேள்வி கேட்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன்.

என்னை நம்ப வேண்டாம் அண்ணி. நீங்களே பாருங்கள். உங்கள் கால் அங்கே போகிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. போகவில்லை என்றால் அதையே எழுதுகிறேன், குப்பைத்தொட்டிக்கு நானே பொறுப்பு என்றும் எழுதுகிறேன். எப்படிப் பார்ப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. உங்களிடம் கற்றுக்கொண்ட யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. "உங்க அண்ணி பக்கத்துல இருந்தா பயமே இல்ல" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான். அதுதான் எனக்கு அழுகையாக வருகிறது.

உங்கள்
முந்திரிக்கொட்டை


ஆகஸ்ட் 17

முந்திரி,

இதை நீ யாரிடமும் சத்தமாகப் படித்துக் காட்டக் கூடாது. முக்கியமாக அந்தக் கண் ஆஸ்பத்திரிக்காரியிடம்.

உன் கடிதம் வந்து மூன்றாம் நாள் உன் அண்ணனிடம், "நீங்க பின்னாடி உக்காந்து என் காலப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். "நான் எதுக்கு? நான் சொன்னா நம்புவியா? ஸ்கூட்டர்ல என் பின்னாடி உக்காந்துக்கிட்டே பிரேக் போடுற ஆளு நீ" என்றார். "எப்ப போட்டேன்?" "தினமும்தான். என் கால் பக்கத்துல உன் செருப்பு அழுத்துறது எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேருந்து அழுத்துற." இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். ஒன்றுமில்லை என்றார்.

மறுநாள் மாடி வீட்டு நாயின் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். மஞ்சள் ரப்பர் வாத்து. அழுத்தினால் கத்தும். அதை என் பக்கத்துப் பெடலின் மேல் டேப் போட்டு ஒட்டிவிட்டார். "நீ மிதிக்கலன்னா அது கத்தாது. சண்டையே வேண்டாம்" என்றார்.

அன்று ஓட்ட வந்தவள் புதுப்பெண், பள்ளிக்கூட ஆசிரியை. முழு நேரமும் சிரிக்காமல் இருக்கிற ஆள். ஆபீஸ் வாசலிலிருந்து கிளம்பினோம். முதல் திருப்பத்தில் கத்தியது. நான் வெளியே ஏதோ சத்தம் என்று நினைத்தேன். இரண்டாவது திருப்பத்திலும் கத்தியது. பால் வண்டிக்குப் பின்னால், வேகத்தடையில், சிக்னலில். நாய் ஒன்று நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தது, அதற்கும் கத்தியது. எத்தனை தடவை என்று கேட்காதே, எண்ணுகிற நிலையில் நான் இல்லை. டீச்சர் முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்து, "அக்கா, என்னால முடியல, நிறுத்திடுறேன்" என்றாள். வண்டி ஓரமாக நின்றது.

அதற்கும் வாத்துதான் கத்தியது.

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு மட்டும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என் காலை நான் குனிந்து பார்த்தேன். அது அப்போதும் பெடல் மேல்தான் இருந்தது. நான் வைக்கவில்லை முந்திரி. சத்தியமாக நான் வைக்கவில்லை. அது தானாகவே போயிருக்கிறது, இத்தனை வருடமும் போயிருக்கிறது.

அங்கேயிருந்து நேராகத் தையல்கடைக்குப் போனேன். இந்தத் தடவை உள்ளே போனேன். "லைசென்ஸ் எதுக்கு வாங்கின?" என்று கேட்டேன். இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. மொத்தத் துணி மார்க்கெட்டுக்குத் தானே போய்ச் சரக்கெடுக்க வேண்டும் என்று ஆசையாம். இப்போதும் மச்சான் வண்டிக்காகக் காத்திருக்கிறாள், அவன் எடுத்து வருகிற நிறம் எதுவும் விற்பதில்லை. டீச்சரைக் கேட்டேன். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இன்னொருத்தி, "வீட்டுல சண்டை வந்தா ஏரிக்கரை வரைக்கும் போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரணும் அக்கா, வேற எங்கயும் வேண்டாம்" என்றாள். லைசென்ஸ் வேண்டும் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

உன் அறிக்கையில் எழுது. வாத்தையும் சேர்த்து எழுது. நானே பார்த்தேன் என்று எழுது. என்ன செய்யப் போகிறோம் என்பதையும் எழுது. அதை நான் சொல்கிறேன், நீ சொல்லாதே. இனி சேருகிறவளிடம் முதல் நாளே எங்கே போகணும் என்று கேட்கப் போகிறேன். அந்த இடத்துக்கு அவள் தனியாகப் போய்வந்து நம்மிடம் சொல்கிற நாள்தான் அவள் போட்டோவை ஒட்டும் நாள். பழைய ஆட்கள் சனிக்கிழமை தங்கள் வீட்டு வண்டியோடு வரட்டும். அவர்கள் வண்டியில் என் பக்கம் பெடல் கிடையாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. காலை எடுத்துவிட்டால் அந்த சீட்டில் எனக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. கண்ணாடி சார் வேறு வருகிறார். இதைப் படித்துவிட்டு என்ன சொல்வாரோ.

அண்ணி


ஆகஸ்ட் 23

அண்ணி,

மன்னியுங்கள், அறைத்தோழியிடம் படித்துக் காட்டிவிட்டேன். கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். நான் சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அறிக்கையை எழுதிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் வாக்கியங்களை அப்படியே போட்டிருக்கிறேன். பிடிக்காத வரியை அடித்துவிட்டு அனுப்புங்கள். என் பெயருக்கு மேலே உங்கள் பெயர் இருக்கிறது.

அப்புறம் மேடம் வாத்து வரைக்கும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறம்?" என்றார். "இனிமேதான் மேடம்" என்றேன். முதல் தடவையாக மறுபடி "அப்புறம்?" கேட்கவில்லை.

அறக்கட்டளை என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியாது. நல்லபடியாக முடியும் என்று சொல்ல எனக்கு ஆசைதான். தெரியாததைச் சொல்லக் கூடாது என்று இங்கே பழக்கிவிட்டார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் வந்து போனதும் உடனே எழுதுங்கள்.

மு.


செப்டம்பர் 12

முந்திரி,

உடனே எழுதச் சொன்னாய். ஐந்தாம் தேதியே வந்துபோய்விட்டார். பதில் வரட்டும் என்று காத்திருந்தேன். இல்லையென்றால் உன்னையும் சேர்த்து வராந்தாவில் நடக்க விட்டிருப்பேன், ஹாஸ்டல் தரை தேய்ந்திருக்கும்.

வந்ததும் வராததுமாக, "அறிக்கை படிச்சேன். வண்டியில உக்காந்து பாக்கலாமா?" என்றார் கண்ணாடி சார். டீச்சரைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன், அவள் நிதானமானவள். அதற்குள் தையல்கடைக்காரி, "நான் ஓட்டுறேன் அக்கா, மார்க்கெட்டுக்குப் போவோம்" என்று முன்னால் வந்து நின்றாள். இரண்டு சனிக்கிழமைதான் பழகியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. வாயும் ஒரு பிரேக்தானே என்று விழுங்கிக்கொண்டேன்.

சார் பின்னால். நான் பக்கத்தில். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை இழுத்து சீட்டின் ஓரத்தோடு சேர்த்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மெயின் ரோட்டில் நன்றாகவே போனாள். சிக்னலில் நின்றாள், தானே நின்றாள். மார்க்கெட் சந்தில் திரும்பும்போது ஒரு தள்ளுவண்டி வெளியே வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. என் கால் துடித்தது பார், கறிக்கடையில் கோழி துடிக்கிற மாதிரி. தள்ளுவண்டி போய்விடும், ஆபத்து இல்லை, இடித்தால் சந்து ஓரத்து இரும்புக் கேட்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே பிடித்துக்கொண்டேன். நகம் பதிந்த இடம் இன்னும் இருக்கிறது.

அவள் பிரேக்கை மிதித்தாள். தாமதமாகத்தான். வண்டி நின்றது, கேட்டை உரசிக்கொண்டு. அந்தச் சத்தம் என் பல்லில் இறங்கியது. பின்னால் சாருடைய கண்ணாடி மூக்கிலிருந்து மடியில் விழுந்தது.

முடிந்தது கதை, கதவைப் பூட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். தையல்கடைக்காரி இறங்கிப் போய்க் கீறலைப் பார்த்தாள். விரலால் தடவினாள். அழப் போகிறாள் என்று பார்த்தால், உள்ளே வந்து உட்கார்ந்து, "அக்கா, பிரேக் நான் போட்டேன், பாத்தீங்களா? லேட்டுதான். ஆனா நான்தான் போட்டேன்" என்றாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு ரிவர்ஸ் எடுத்து, திருப்பி, மார்க்கெட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். வாத்து ஒரு சத்தம்கூடப் போடவில்லை. சார், "எனக்குக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று மட்டும்தான் கேட்டார்.

நேற்று பதில் வந்தது. இரண்டாவது கார் கிடையாது. இந்த வண்டி இன்னும் ஒரு வருடம் ஓடலாம், இடையிடையே அவர் வந்து பின் சீட்டில் உட்காருவாராம், பெண்களிடம் நேரில் பேசுவாராம். முதலில் கோபம் வந்தது. உன் அண்ணன், "கதவு திறந்துதானே இருக்கு" என்றார். திறந்துதான் இருக்கிறது. இன்று காலை மூன்று பேர் புதிதாகச் சேர வந்தார்கள், மூன்று பேரிடமும் எங்கே போகணும் என்று கேட்டேன். ஒருத்தி யோசித்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போய்விட்டாள். வருவாள்.

வாசலில் இருந்த பலகையைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறேன். கீறலுக்குப் பெயின்ட் அடிக்கட்டுமா என்று உன் அண்ணன் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

நீ இருபதாம் தேதி வருகிறாய். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். அங்கிருந்து வீடு வரைக்கும் நீ ஓட்டுகிறாய். பின் சீட்டில் உன் அண்ணன் உட்காருவார், அங்கே படுக்கிற வேலையெல்லாம் இனி நடக்காது. பக்கத்தில் நான். பெடலைக் கழற்றவில்லை, நிஜமாகவே தேவைப்படுகிற நாள் ஒன்று வரலாம். வாத்தும் அதன் மேலேயே இருக்கிறது.

அது ஒரு தடவை கத்தினாலும் வண்டியை ஓரமாக நிறுத்து. நான் இறங்கி வீட்டுக்கு நடந்தே போகிறேன்.

அண்ணி